இன்ஸ்டால் கட்டளை முரண்டு பிடிக்கும்போது: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்குவது

மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் வரையிலும், இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி வரையிலும் சில அலுவலகங்களின் லினக்ஸ் கணினிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். விசைப்படகுக் கணக்கு, ஐஸ் பிளான்ட்டின் வெப்பநிலைப் பதிவு, காற்று-அலை எச்சரிக்கையைத் திரையில் ஓட்டும் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி, இப்படி. ஓடுவதெல்லாம் நாங்களே எழுதிய சின்னச் சின்ன நிரல்கள்தான். டெப் பொதியாகக் கட்டும் அளவுக்குப் பெரியவை அல்ல. நகலெடுக்க சிபி, உரிமையாளரை மாற்ற சிஎச்ஓன், அனுமதியை மாற்ற சிஎச்மோட் என்று மூன்று தடவை தட்டுவதை இன்ஸ்டால் ஒரே வரியில் முடித்துவிடும் என்பதால் எல்லா இடத்திலும் அதையே பழக்கியிருக்கிறேன். வருகிற போன்களும் அதே சில கோளாறுகளைச் சுற்றித்தான் வருகின்றன. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உங்கள் திரையில் என்ன செய்தி வந்ததோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். டைரக்டரியின் முதலெழுத்து 'டி', டார்கெட்டின் முதலெழுத்து 'டீ'. இரண்டையும் மாற்றிப் போட்டால் வேறு வேலை நடந்துவிடும். ஏபிடி, ஓபிடி, ஈடிசி, ஃபைண்ட்எம்என்டி என்று வாய்ப்பழக்கத்தில் எழுதிய பெயர்களில் மட்டும் 'டி' என்பது டார்கெட்டின் எழுத்துதான். சொல்வதெல்லாம் டெபியன், உபுண்டு, பாஸ் (சி-டாக் உருவாக்கிய இந்திய லினக்ஸ்), ராஸ்பெரி பை ஓஎஸ் ஆகியவற்றில் வரும் குனு இன்ஸ்டாலுக்கு. உபுண்டு 25.10-இல் ரஸ்ட் மொழியில் எழுதிய பதிப்பு வந்துவிட்டது, அங்கே பிழைச் செய்தியின் வார்த்தைகள் கொஞ்சம் மாறலாம். ஆப்பிளின் மேக் கணினியில் இருப்பது பிஎஸ்டி (இன்னொரு யூனிக்ஸ் வகை) வழிவந்தது. சில சுவிட்சுகளுக்கு அங்கே பொருளே வேறு.

வழக்கமாக நாங்கள் போடும் வரி இது:

சூடோ இன்ஸ்டால் -ஓ ரூட் -ஜி ரூட் -எம் 755 மீன்கணக்கு /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்/

சூடோ என்பது ரூட்டின், அதாவது நிர்வாகியின், உரிமையோடு ஓட்டச் சொல்வது. -ஓ உரிமையாளர், -ஜி குழு, -எம் அனுமதி எண். நிரலுக்கு 755: உரிமையாளர் எல்லாம் செய்யலாம், மற்றவர்கள் படிக்கலாம், ஓட்டலாம். யாரும் படிக்கலாம் என்கிற அமைப்புக் கோப்புக்கு 644. கடவுச்சொல் உள்ள கோப்புக்கு 600. அதை ஒரு குழு மட்டும் படிக்க வேண்டுமென்றால் 640. கடற்கரை அலுவலகங்களில் இந்த நான்கைத் தாண்டி எனக்குத் தேவைப்பட்டது அபூர்வம். எதற்கெடுத்தாலும் 777 (எல்லோருக்கும் எல்லா உரிமையும்) போட்டுப் பார்க்கிற பழக்கம் இருந்தால் இந்தக் கட்டுரையைப் படிக்கும்வரையாவது நிறுத்தி வையுங்கள். அது பிழையை மறைத்துவிடும், அப்புறம் எதைச் சோதித்தாலும் விடை தப்பாகவே வரும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டியவை

ஒன்று, போய்ச் சேர்ந்த கோப்பின் மேல் 'ஸ்டாட்' போடுங்கள். 'அக்சஸ்' என்று தொடங்கும் நாலாவது வரியில் அனுமதி எண், உரிமையாளர், குழு மூன்றும் இருக்கும். இரண்டு, 'நேம்ஐ -எல்' போட்டு முழுப் பாதையையும் கொடுங்கள். ரூட்டிலிருந்து கோப்பு வரை வழியிலுள்ள ஒவ்வொரு அடைவின் அனுமதியையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டும். மூன்று, 'ஃபைண்ட்எம்என்டி' என்பதோடு பெரிய டீ சேர்த்து அதே பாதையைக் கொடுங்கள். அந்த இடம் எந்த வட்டில் இருக்கிறது, எந்த நிபந்தனைகளோடு மவுண்ட் ஆகியிருக்கிறது என்று தெரியும்.

போனில் பேசும்போது நான் முதலில் கேட்பது இந்த மூன்றின் விடையைத்தான். பாதிப் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிடும்.

அறிகுறி: "மிஸ்ஸிங் டெஸ்டினேஷன் ஃபைல் ஆப்பரண்ட்"

புதிதாக லினக்ஸுக்கு வந்தவர் 'சூடோ ஏபிடி இன்ஸ்டால் விஎல்சி' என்று போட வேண்டியதில் நடுவிலுள்ள ஏபிடியை விட்டுவிடுவார். இன்ஸ்டால் என்றே தனியாக ஒரு கட்டளை இருப்பதால் 'அப்படி ஒன்று இல்லை' என்று கணினி சொல்லாது, 'எங்கே வைக்கணும்?' என்று கேட்கும். இணையத்திலிருந்து மென்பொருள் இறக்குவது இதன் வேலை அல்ல. கையில் இருக்கும் கோப்பை இடம் பார்த்து வைப்பது மட்டும்தான்.

ஏபிடியை விடவில்லை என்றால், போய்ச் சேர வேண்டிய இடத்தை எழுத மறந்திருக்கிறீர்கள். வேறு காரணம் கிடையாது.

அறிகுறி: "கேனாட் ஸ்டாட் ... நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி"

மூலக் கோப்பே அந்தப் பெயரில் அந்த இடத்தில் இல்லை. 'எல்எஸ்' போட்டுப் பாருங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம், பெயரில் இடைவெளி, வாட்ஸ்அப்பில் வந்திறங்கிய கோப்புக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அடைப்புக்குறி எண் ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். இடைவெளி இருந்தால் பெயரை மேற்கோள் குறிக்குள் வையுங்கள்.

அறிகுறி: "கேனாட் கிரியேட் ரெகுலர் ஃபைல்"

இந்தச் செய்தியின் வாலைப் படிக்க வேண்டும். அதைப் பொறுத்துத்தான் வழி பிரிகிறது.

*வாலில் "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்றிருந்தால்:* சேரும் அடைவு இன்னும் உருவாகவில்லை. பெரிய டி-யைச் சேர்த்தால் வழியிலுள்ள அடைவுகளை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். கீழே உள்ள வரியில் டி பெரிய எழுத்து:

சூடோ இன்ஸ்டால் -டி -எம் 640 அமைப்பு.கான்ஃப் /ஈடிசி/மீன்/அமைப்பு.கான்ஃப்

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 640 என்பது கடைசியில் உள்ள கோப்புக்கு மட்டும். வழியில் புதிதாக முளைத்த 'மீன்' அடைவு 755 ஆகத்தான் இருக்கும். அடைவையும் மூடி வைக்க வேண்டுமென்றால் அதைத் தனியாக, சின்ன டி போட்டு, எண்ணோடு முதலில் உண்டாக்கிவிடுங்கள்.

*வாலில் "நாட் எ டைரக்டரி" என்றிருந்தால்:* கடைசியில் சாய்கோடு போட்டிருக்கிறீர்கள், அந்தப் பெயரில் அடைவு இல்லை. இந்தப் பிழை வந்தால் சந்தோஷப்படுங்கள். சாய்கோடு போடாமல் இருந்திருந்தால் நடப்பது இன்னும் மோசம். அடுத்த தலைப்பில் இருக்கிறது.

*வாலில் "பர்மிஷன் டினைட்" என்றிருந்தால்:* சூடோ போடவில்லை. சூடோ உரிமை இல்லாத கணக்கு என்றால், உங்கள் வீட்டு அடைவுக்குள்ளேயே புள்ளி-லோக்கல் என்பதன் கீழ் 'பின்' அடைவில் வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு மட்டும் ஓடும் நிரலுக்கு அது போதும். அப்படி வைக்கும்போது -ஓ, -ஜி இரண்டையும் நீக்கிவிடுங்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

சூடோ போட்டும் மறுக்கிறது என்றால் இரண்டு வாய்ப்பு. அந்த இடம் நெட்வொர்க்கில் வேறொரு சர்வரிலிருந்து மவுண்ட் ஆனதாக இருக்கலாம். உங்கள் ரூட்டை அந்த சர்வர் ரூட்டாக மதிக்காது. அல்லது அங்கே இருக்கும் பழைய கோப்பை யாரோ அசைக்க முடியாதபடி பூட்டியிருக்கலாம். அப்படியானால் பழையதை நீக்க முடியவில்லை என்று 'ஆப்பரேஷன் நாட் பெர்மிட்டட்' வரும். 'எல்எஸ்அட்ர்' (எல், எஸ், ஏ, டீ, டீ, ஆர்) போட்டால் வரிசையில் ஐ என்ற எழுத்து தெரியும். நெட்வொர்க் சர்வர் என்றால் அதைப் பார்த்துக்கொள்பவரைக் கூப்பிடுங்கள். பூட்டு என்றாலும் பூட்டியவர் யார் என்று கேட்காமல் திறக்காதீர்கள். பொழுதுபோகாமல் யாரும் அப்படிப் பூட்டுவதில்லை.

அறிகுறி: அடைவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோப்பு இருக்கிறது, முன்பு வைத்த நிரலைக் காணோம்

இது பிழைச் செய்தியே இல்லாமல் நடக்கிற விபத்து. '/ஓபிடி/மீன்' என்று அடைவு இன்னும் இல்லை என்று வையுங்கள். 'இன்ஸ்டால் ஏலம்.பிஒய் /ஓபிடி/மீன்' என்று போட்டால், 'மீன்' என்ற பெயரிலேயே ஒரு கோப்பு உண்டாகிவிடும். அடுத்து 'இன்ஸ்டால் எடை.பிஒய் /ஓபிடி/மீன்' என்று போட்டால் ஏலம் போய் அதே பெயரில் எடை உட்கார்ந்துவிடும். இரண்டு தடவையும் திரையில் ஒரு சத்தமும் இருக்காது. மூன்றாவது முறை இரண்டு கோப்பை ஒன்றாகக் கொடுக்கும்போதுதான் 'டார்கெட் ... இஸ் நாட் எ டைரக்டரி' என்று சொல்லும்.

சரிசெய்வது சுலபம். தப்பாக முளைத்த கோப்பை நீக்குங்கள், அடைவை முறையாக உண்டாக்குங்கள், பிறகு டார்கெட்டின் டீ-யைப் போட்டே வையுங்கள்:

சூடோ இன்ஸ்டால் -டி -எம் 755 /ஓபிடி/மீன்
சூடோ இன்ஸ்டால் -எம் 755 -டீ /ஓபிடி/மீன் ஏலம்.பிஒய் எடை.பிஒய்

முதல் வரியில் சின்ன டி. இரண்டாவதில் டீ கொடுத்துவிட்டால், அந்தப் பெயர் அடைவாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டளைக்குத் தெரியும்; இல்லையென்றால் பிழை சொல்லி நிற்கும். ஸ்கிரிப்டுக்குள் இன்ஸ்டால் எழுதுகிறவர்கள் எப்போதும் டீ-யோடு எழுதுவதுதான் நல்லது.

அறிகுறி: வைத்தது சரி, ஓட்டினால் "பர்மிஷன் டினைட்"

வருகிற அழைப்புகளில் இதுதான் அதிகம். "அண்ணே, 755 தானே போட்டேன், இன்னும் டினைட்னே வருதே" என்பார்கள். "ஸ்டாட் போட்டு நம்பரைப் படிங்க தம்பி" என்றால் பாதி நேரம் 755 வராது. வரும் எண்ணைப் பொறுத்துப் பிரியுங்கள்.

*எண் 644:* எம்-முக்கு 644 கொடுத்திருக்கிறீர்கள், பெரும்பாலும் முந்தைய வரியை அம்புக்குறியால் மேலே இழுத்துத் திருத்தியதில். 755 போட்டு மறுபடி வையுங்கள்.

*எண் 111:* சிஎச்மோட் பழக்கத்தில் 'இன்ஸ்டால் -எம் +எக்ஸ்' என்று போட்டிருக்கிறீர்கள். சிஎச்மோடில் பிளஸ் எக்ஸ் என்றால் இருக்கிற அனுமதியோடு ஓட்டும் உரிமையைச் சேர்ப்பது. இன்ஸ்டாலில் அது வெறுமையிலிருந்து தொடங்குகிறது. அதனால் ஓட்டலாம், ஆனால் யாரும் படிக்கக்கூட முடியாது. சி-யில் தொகுத்த நிரலாக இருந்தால் இந்த நிலையிலும் ஓடிவிடும், யாருக்கும் தெரியாது. ஷெல், பைதான் ஸ்கிரிப்டாக இருந்தால் அதைப் படித்தால்தானே ஓட்ட முடியும்? மறுத்துவிடும். சூடோவோடு போட்டால் மட்டும் ஓடும், ரூட்டுக்குப் படிக்கத் தடை இல்லையே. "சூடோ போட்டா ஓடுது, இல்லாட்டி ஓடல" என்று யாராவது சொன்னால் என் முதல் சந்தேகம் இதன்மேல்தான். எழுத்தாலேயே அனுமதி சொல்ல ஆசை என்றால் 'யூ=ஆர்டபிள்யூஎக்ஸ்,ஜிஓ=ஆர்எக்ஸ்' என்று முழுதாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் எண்ணே சுகம்.

*எண் 600, உரிமையாளர் நீங்களே:* சூடோ இல்லாமல் -ஓ அல்லது -ஜி போட்டிருக்கிறீர்கள். அப்போது 'கேனாட் சேஞ்ச் ஓனர்ஷிப் ... ஆப்பரேஷன் நாட் பெர்மிட்டட்' என்று ஒரு வரி வந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு 'வேலை நடக்கவில்லை' என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் கோப்பு போய்ச் சேர்ந்துவிட்டது. இன்ஸ்டால் முதலில் 600-ஆக நகலெடுக்கும், பிறகு உரிமையாளரை மாற்றும், கடைசியில்தான் நீங்கள் சொன்ன அனுமதியைப் போடும். நடுப்படியில் தடுக்கினால் கடைசிப்படிக்குப் போகாது. பாதியில் நின்ற கோப்பு 600-ஆக அங்கேயே கிடக்கும். சூடோவோடு மறுபடி போட்டால் தீர்ந்தது.

'இன்வாலிட் யூசர்' என்று வந்தால் கதை வேறு. அந்தப் பெயரில் கணினியில் பயனரே இல்லை. 'கெட்என்ட் பாஸ்வேர்ட்' என்பதற்கு வரும் கட்டளையை (ஜிஇடீஇஎன்டீ, பிறகு பிஏஎஸ்எஸ்டபிள்யூடி) அந்தப் பெயரோடு போட்டுப் பாருங்கள். விடை வெறுமையாக வந்தால் பயனரை முதலில் உண்டாக்க வேண்டும்.

*எண் 750, குழுவில் நீங்கள் இருக்கிறீர்கள்:* 'ஐடி' என்று தட்டிப் பாருங்கள். குழுவில் சேர்த்த பிறகு வெளியேறி மறுபடி உள்ளே வரவில்லை என்றால் புதிய குழு அந்த அமர்வில் ஏறியிருக்காது.

*எண் 755 தான், ஆனாலும் மறுக்கிறது:* இப்போதுதான் நேம்ஐ வேலைக்கு வருகிறது. வழியில் ஏதாவது ஓர் அடைவு 700-ஆக இருக்கும். இன்ஸ்டால் உண்டாக்கும் வழி அடைவுகள் யூமாஸ்க் (புதிதாக உண்டாகும் கோப்பு, அடைவுகளின் அனுமதியைக் குறைக்கும் அமைப்பு) என்னவாக இருந்தாலும் 755 தான். ஆனால் எம்கேடிஐஆர் போட்டுக் கையால் உண்டாக்கியவை யூமாஸ்க்குக்குக் கட்டுப்பட்டவை. ஒருவருடைய வீட்டு அடைவுக்குள் பொது நிரலை வைத்திருந்தாலும் இதே கதிதான். அந்த அடைவைத் திறந்துவிடாதீர்கள், நிரலை /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்-னுக்கு மாற்றுங்கள்.

வழி முழுக்கச் சரியாக இருந்தால் ஃபைண்ட்எம்என்டி காட்டும் நிபந்தனைகளில் 'நோஎக்ஸெக்' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வட்டிலிருந்து எதையும் ஓட்ட விடாது, எந்த எண் போட்டாலும் சரி. அதைப் போட்டது உங்கள் நிர்வாகி என்றால் அவரிடம் பேசுங்கள். நீங்களே எஃப்எஸ்டேப் (மவுண்ட் பட்டியல்) கோப்பில் கை வைத்தால் மறுநாள் கணினி எழும்பாமல் போகலாம்.

சிலர் இந்தக் கட்டத்தில் 4755 போட்டு ஸ்கிரிப்டை ரூட்டாக ஓட்டப் பார்ப்பார்கள். ஸ்கிரிப்டுகளில் அந்த 4-ஐ லினக்ஸ் கண்டுகொள்ளாது. உண்மையிலேயே ஒரு கட்டளைக்கு மட்டும் ரூட் உரிமை வேண்டுமென்றால் சூடோயர்ஸ் கோப்பில் எழுத வேண்டும். அது தெரிந்தவரை வைத்துச் செய்துகொள்ளுங்கள்.

அறிகுறி: "கமாண்ட் நாட் ஃபவுண்ட்"

முழுப் பாதையோடு ஓட்டிப் பாருங்கள். ஓடினால் பாத் (ஷெல் நிரல்களைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) பிரச்சினை. பழைய இடத்திலிருந்து புதிய இடத்துக்கு மாற்றியிருந்தால் ஷெல் பழைய முகவரியையே நினைவில் வைத்திருக்கும். 'ஹேஷ் -ஆர்' போட்டால் மறந்துவிடும்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) போட்டால் ஓடவில்லை என்பது இங்கே அடிக்கடி வருகிற வழக்கு. டெபியன் வகையில் பயனரின் கிரானுக்குத் தெரிந்த பாத் '/யூஎஸ்ஆர்/பின்', '/பின்' இரண்டும்தான். /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் அதில் இல்லை. கிரான் வரியில் முழுப் பாதையை எழுதுங்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை முன்னறிவிப்பைக் காலையில் இழுத்து வைக்கும் ஸ்கிரிப்ட் இப்படிச் சத்தமில்லாமல் நின்றுபோனால், திரையில் நேற்றைய அலை உயரம் இன்றையதாக ஓடிக்கொண்டிருக்கும். திரையின் ஓரத்தில் தகவல் வந்த தேதியையும் காட்டச் செய்வது நல்லது. அனுமதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

அறிகுறி: "பேட் இன்டர்பிரட்டர்" அல்லது "ரிக்வயர்ட் ஃபைல் நாட் ஃபவுண்ட்"

இதற்கும் அனுமதிக்கும் தொடர்பில்லை, ஆனால் எல்லோரும் அனுமதியைத்தான் நோண்டுவார்கள். விண்டோஸ் நோட்பேடில் புதிதாக எழுதிய கோப்பாக இருந்தால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூடுதல் எழுத்து ஒட்டியிருக்கும். முதல் வரியில் அது இருந்தால் 'பேஷ்' என்ற நிரலுக்குப் பதில் 'பேஷ்+அந்த எழுத்து' என்ற பெயரைக் கணினி தேடும். 'ஃபைல்' கட்டளையைப் போட்டால் 'சிஆர்எல்எஃப்' என்று காட்டிக்கொடுக்கும். 'டாஸ்2யூனிக்ஸ்' ஓட்டிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். வைத்த பிரதியை மட்டும் திருத்தினால் அடுத்த முறை மூலத்திலிருந்து வைக்கும்போது அதே பிழை திரும்ப வரும், மூலத்தைத் திருத்துங்கள்.

"எக்ஸெக் ஃபார்மட் எரர்" என்று வந்தால், லேப்டாப்பில் தொகுத்த நிரலை ராஸ்பெரி பை-யில் வைத்திருக்கிறீர்கள். 'யூநேம் -எம்' இரண்டிலும் போட்டுப் பாருங்கள். பை-யிலேயே தொகுத்துக்கொள்வது எளிது.

அறிகுறி: புதுப் பதிப்பை வைத்தேன், பழையதே ஓடுகிறது

ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் மேல் சிபி போட்டால் 'டெக்ஸ்ட் ஃபைல் பிஸி' என்று மறுக்கும். இன்ஸ்டால் மறுக்காது. பழைய கோப்பின் பெயரை நீக்கிவிட்டுப் புதிய கோப்பை அந்தப் பெயரில் வைக்கும். ஏற்கெனவே ஓடுவது பழையதைப் பிடித்துக்கொண்டே ஓடும். சர்வீஸை மறுபடி தொடங்குங்கள், பெரும்பாலும் அவ்வளவுதான்.

தொடங்கியும் பழையதே வந்தால் 'டைப் -ஏ' போட்டு நிரலின் பெயரைக் கொடுங்கள். இரண்டு இடத்தில் இரண்டு பிரதி இருப்பது தெரியவரும்.

இதே குணத்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. சேருமிடத்தில் இருந்தது கோப்பு அல்ல, வேறெங்கோ காட்டும் சிம்லிங்க் என்றால், இன்ஸ்டால் அந்த லிங்கை எடுத்துவிட்டு நிஜக் கோப்பை வைத்துவிடும். லிங்க் காட்டிய அசல் கோப்பு தொடப்படாமல் அப்படியே இருக்கும். ஒரு அமைப்புக் கோப்பை இரண்டு சர்வீஸ் லிங்க் வழியாகப் பகிர்ந்திருந்தால், ஒன்றுக்குப் புதியது, மற்றதற்குப் பழையது என்று பிரிந்து நிற்கும். வைப்பதற்கு முன் 'எல்எஸ் -எல்' போட்டு அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் அசல் இடத்துக்கே வையுங்கள். பயமாக இருந்தால் '--பேக்கப்' சேருங்கள், பழையது டில்டே குறி ஒட்டி அருகிலேயே இருக்கும்.

மேக் கட்டளை (எம்ஏகேஇ, ஆப்பிள் கணினி அல்ல) வழியாக வைப்பவர்களுக்கு: 'மேக் இன்ஸ்டால்' போட்டதும் 'இஸ் அப் டு டேட்' என்று சொல்லி ஒன்றும் செய்யாமல் நின்றால், அந்த அடைவில் 'இன்ஸ்டால்' என்ற பெயரிலேயே ஒரு கோப்பு கிடக்கிறது. அதன் பெயரை மாற்றுங்கள், அல்லது மேக்ஃபைலில் இன்ஸ்டாலை 'புள்ளி-ஃபோனி' என்று குறியுங்கள். 'கிளாக் ஸ்கியூ' என்று எச்சரித்தால் கணினியின் தேதியைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகும் போகாது, சங்கத்தில் பை-யும் அணைந்து கிடக்கும். பை 5-க்கு முந்தையவற்றில் கடிகாரச் சில்லே கிடையாது; இணையம் கிடைக்கும்வரை அணைத்த நாளின் தேதியிலேயே நிற்கும். முதலில் நெட்வொர்க், பிறகு இன்ஸ்டால்.

அறிகுறி: கடவுச்சொல் கோப்பை எல்லோராலும் படிக்க முடிகிறது

எம் போட மறந்துவிட்டீர்கள். யூமாஸ்க் 077 என்று கட்டியிருந்தாலும் இன்ஸ்டால் அதைப் பார்க்காது, சும்மா விட்டால் 755 தான். -எம் 600 போட்டு மறுபடி வையுங்கள். பல பேர் புழங்கும் கணினி என்றால் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள், யார் பார்த்தார்கள் என்று இனி தேடிப் பயனில்லை.

அறிகுறி: பென் டிரைவில் வைத்தால் எண் ஒட்டவே மாட்டேன் என்கிறது

ஃபேட்32, எக்ஸ்ஃபேட் வகைப் பென் டிரைவில் கோப்புவாரியாக லினக்ஸ் உரிமையாளரைப் பதிய இடமே கிடையாது. மவுண்ட் ஆகும்போது கொடுத்த அளவுதான் எல்லாவற்றுக்கும். ஓனரை மாற்றச் சொன்னால் 'ஆப்பரேஷன் நாட் பெர்மிட்டட்' வரும். அங்கே அனுமதியோடு மல்லுக்கட்டாதீர்கள். டார் கட்டி எடுத்துப் போங்கள், போய்ச் சேர்ந்த கணினியில் இன்ஸ்டால் செய்யுங்கள். மூலத்தின் எண் என்னவாக இருந்தாலும் இன்ஸ்டால் நீங்கள் சொல்லும் எண்ணைத்தான் போடும். பென் டிரைவில் கோப்பு தூக்கிப்போகிற எங்களுக்கு சிபி-யைவிட இது பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சின்னச் சின்னவை

'ஆமிட்டிங் டைரக்டரி' என்றால் முழு அடைவைக் கொடுத்திருக்கிறீர்கள். இன்ஸ்டால் அடைவை அப்படியே நகலெடுக்காது, கோப்புகளை மட்டும் கொடுங்கள்.

'ஸ்ட்ரிப் ப்ராசஸ் டெர்மினேட்டட் அப்நார்மலி' என்றால் ஸ்கிரிப்டுக்கு -எஸ் போட்டிருக்கிறீர்கள். அது தொகுத்த நிரலுக்கு மட்டும். எடுத்துவிடுங்கள், வைத்த பிரதியும் நீக்கப்பட்டிருக்கும் என்பதால் மறுபடி வைக்க வேண்டும்.

பெரிய சி-யும் (மாறியிருந்தால் மட்டும் வைப்பது) -பி-யும் (மூலத்தின் நேரத்தைக் காப்பது) சேர்ந்து வராது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

அறிகுறி: "ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்", அல்லது வைத்தது ரீபூட் ஆனதும் காணாமல் போகிறது

கடலோரத்தில் இருப்பவர்கள் இந்தப் பகுதியை ஒரு முறையாவது படித்துவிடுங்கள். செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குகிறேன்.

முதலில், பை-யில் ராஸ்பி-கான்ஃபிக் மூலம் யாராவது ஓவர்லே போட்டு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். மின்வெட்டில் எஸ்டி அட்டை கெடாமல் இருக்க வேண்டுமென்றே செய்வது அது. அப்போது இன்ஸ்டால் வெற்றிகரமாக முடிந்ததுபோல் தெரியும், ஆனால் எழுதியது நினைவகத்தில் மட்டும், ரீபூட்டில் போய்விடும். ஓவர்லேயை அணைத்து, ரீபூட் செய்து, இன்ஸ்டால் செய்து, மறுபடி ஓவர்லேயைப் போடுங்கள்.

ஓவர்லே இல்லை என்றால் ஃபைண்ட்எம்என்டி போடுங்கள். 'ஆர்ஓ' என்று காட்டினால் கர்னல் எதையோ கண்டு பயந்து வட்டை எழுதவிடாமல் பூட்டியிருக்கிறது. 'சூடோ டிமெசேஜ்' (டிஎம்இஎஸ்ஜி) போட்டுக் கடைசி வரிகளைப் படியுங்கள்.

'அண்டர்-வோல்டேஜ்' என்று இருந்தால் முதலில் அடாப்டரை மாற்றுங்கள். போன் சார்ஜரை வைத்து பை ஓட்டும் இடங்களில் இது சகஜம். அடாப்டரின் முனையில் பச்சை படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

'எக்ஸ்ட்4 எரர்' (கோப்பமைப்புப் பிழை) மட்டும் இருந்து, ஐ-ஓ எரர் (வட்டில் படிக்கவோ எழுதவோ முடியாத பிழை) இல்லையென்றால், மின்வெட்டில் பாதியில் நின்ற எழுத்து வேலையாக இருக்கலாம். முக்கியமான கோப்புகளை வேறு இடத்துக்கு நகலெடுத்துவிட்டு, அட்டையை வேறு லினக்ஸ் கணினியில் செருகி, மவுண்ட் செய்யாத நிலையில் 'எஃப்எஸ்சிகே' ஓட்டுங்கள்.

ஐ-ஓ எரர் இருந்தால் அட்டையையும் அது உட்காரும் இடத்தையும் கழற்றிப் பாருங்கள். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஜன்னலோரம் வைத்த கணினிகளில் உப்புக்காற்று தங்கத் தகடுகளின் மேல் மங்கலான படலமாகப் படிந்திருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் அட்டையின் தொடுமுனைகளைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். தண்ணீர், எச்சில், சட்டை முனை எதுவும் வேண்டாம்.

துடைத்தும் வருகிறதா? அட்டை தேய்ந்துவிட்டது. சில அட்டைகள் சாகும்போது பிழையே சொல்லாது. எழுதியதாக நடிக்கும், ரீபூட் ஆனதும் பழைய நிலைக்கே திரும்பும். ஓவர்லே இல்லாமலேயே வைத்த கோப்பு காணாமல் போனால் இதுதான். புது அட்டை வாங்குங்கள், தேய்வைத் தாங்கும் 'ஹை எண்ட்யூரன்ஸ்' வகை கொஞ்சம் விலை கூட, ஆனால் நாள் முழுக்கப் பதிவு எழுதும் பெட்டிக்கு அதுதான் கட்டும்.

இந்தக் கட்டத்தில் வட்டை வலுக்கட்டாயமாக எழுதும் நிலைக்கு மாற்றி இன்ஸ்டாலை முடித்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள், மிச்சமிருப்பதும் போகும். பேக்கப் இருந்தால் புது அட்டையில் ஏற்றி, நிரல்களை மறுபடி இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். பேக்கப் இல்லாமல் சங்கத்தின் கணக்கு மொத்தமும் அந்த ஒரே வட்டில் இருந்தால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு எழுந்துவிடுங்கள். எஃப்எஸ்சிகே-யும் வேண்டாம், இன்னொரு ரீபூட்டும் வேண்டாம். ஹார்ட் டிஸ்க் என்றால், டிக் டிக் சத்தம் கேட்ட பிறகு ஒரு முறைகூடப் போட்டுப் பார்க்காதீர்கள். தரவு மீட்பவரிடம் மதுரைக்கோ சென்னைக்கோ அப்படியே எடுத்துப் போங்கள். கூடவே, கடைசியாக என்ன செய்தி வந்தது, அதற்குப் பிறகு என்னென்ன செய்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்; அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.